கட்டில் தலைமாடு வைத்த லொறி

அன்பு மகனுக்கு,

உன் கல்யாணத்தன்று படம் எடுக்கும் நேரத்தில் அப்பா ஏன் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனார் என்று முதலில் உன் அம்மாவிடம் கேட்டாய். டோஹாவுக்குத் திரும்பிய பிறகு தொலைபேசியில் என்னிடமும் கேட்டாய். தலைசுற்றல் என்றேன். நீ அதை நம்பவில்லை என்பது "சரிப்பா" என்று நீ சொன்ன விதத்திலேயே தெரிந்தது. இப்போது உண்மையை எழுதுகிறேன். வேலை முடித்து, சாப்பிட்டு, அறையில் தனியாக இருக்கும்போது வாசி. எழுதச் சொன்னது உன் மனைவிதான். அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆகையால் இதை வாசித்த பிறகு அவளிடம் எதையும் மறைக்க வேண்டிய பாரம் உனக்கு இருக்காது. அந்தப் பாரத்தோடு மட்டும் நீ குடும்பம் நடத்தக் கூடாது.

என் லொறிப் பைத்தியம் உனக்குத் தெரியும். அதைச் சொல்லித்தானே நம் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது பதுளைக்கு ரயிலில் போனோம். பட்டிப்பொலைக்குச் சற்று முன்னால், சரிவில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு லொறியை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். அடுத்து ரயில் நின்றதும் உன்னைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். தண்டவாளத்தோரமாகத் திரும்பி நடந்து போய் அதைப் பார்த்தோம். பார்த்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குளிரில் உன் உதடு நீலம் பாரித்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. பிறகு இணையம் வந்தது. பழைய லொறிப் படங்களைப் போட்டு இது என்ன வண்டி என்று கேட்கும் குழுவில் சேர்ந்தேன். தேயிலைத் தொழிற்சாலைத் திறப்பு விழா, தேர்த் திருவிழா, வெள்ளம், துரைமாரின் குடும்பப் படங்கள் என்று எங்கிருந்தெல்லாமோ படங்கள் வரும். மூலையில் பாதி மறைந்து ஒரு லொறி நிற்கும். ரேடியேட்டரின் வளைவு, மட்கார்ட் இறங்கும் கோடு, சக்கரத்தில் எத்தனை நட்டு, கதவின் கீல் எந்தப் பக்கம் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்வேன். பெட்போட்டையும் ஆஸ்டினையும் எவரும் சொல்லிவிடுவார்கள். இந்தத் தீவுக்கு நாலைந்து மட்டுமே வந்திறங்கிய வண்டிகள் சில உண்டு. அவற்றைக் கண்டுபிடித்துச் சொன்னதால்தான் எனக்கு அங்கே ஒரு பெயர். ஆனால் உண்மையில் எனக்கு லொறிகள் மீது ஆசை ஒன்றும் கிடையாது, மகனே. இத்தனை வருடமும் நான் தேடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு லொறியை.

உனக்கு ஒரு பெரியப்பா இருந்தார். சூசைராஜ் என்று பெயர். சின்ன வயதில் காய்ச்சலில் போய்விட்டார் என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தோம். அது பொய். பொய் சொல்லச் சொன்னது உன் அப்பாயி. இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்குப் பொறக்கப் போற புள்ளைங்ககிட்ட இதச் சொல்லாதய்யா. பயந்துகிட்டே வளரும்ங்க" என்று கேட்டுக்கொண்டார். நான் வாக்குக் கொடுத்தேன்.

எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரம் பற்றி நீ படித்திருப்பாய். அப்போது உன் தாத்தாவுக்குக் கடைவீதியில் ஒரு தையல் கடை இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை, இரண்டு மெசின். பிள்ளைகள் தோட்டத்து லய அறையில் கிடக்காமல் வெளியே வர வேண்டும் என்று அவர் பாடுபட்டுப் போட்ட கடை. நுவரெலியாப் பக்கம் புகை தெரிகிறது என்று செய்தி வந்ததும் கடையைப் பூட்டினோம். கடைவீதிக்குப் பின்னால் ஏறும் தேயிலை மலைக்குள் போய்ச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டோம். தாத்தா, அப்பாயி, உன் அத்தை, அண்ணன், நான். எனக்கு அப்போது பதினெட்டு வயது. மத்தியானம் வரை ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் எழுந்தான். "மெசினுத் தலைய மட்டும் கழட்டித் தூக்கிட்டு வந்துர்றேன். அது இல்லாட்டி நாளைக்கு என்னா பண்றது?" என்றான். தாத்தா வேண்டாம் என்றார். அவன் பின்கதவு வழியாக உள்ளே போனதைப் பார்த்தேன்.

அவன் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் உடப்புசல்லாவைப் பக்கமிருந்து ஒரு லொறி வந்து கடைக்கு முன்னால் நின்றது. நாங்கள் மேலே இருந்ததால் அதன் பின்புறமும் மேல்புறமும்தான் தெரிந்தன. ஆட்கள் குதித்து இறங்கினார்கள். கையில் கேன்கள். எஞ்சினை நிறுத்தவில்லை. பலகைக் கடைக்குத் தீ வைத்தால் எவ்வளவு நேரம் பிடிக்கும்? முன்னால் பற்றியது ஒரே மூச்சில் பின்னால் ஓடிவிட்டது. பின்கதவு திறக்கும் திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். திறக்கவில்லை. உன் அப்பாயி என் வாயைக் கையால் பொத்திப் பிடித்திருந்தார். கடையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் லொறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பெட்டியின் முன்பக்கத்தில், ஓட்டுநர் கெபினுக்கு மேலே எழும்பி ஒரு பலகை நின்றது. மற்ற லொறிகளில் அந்தப் பலகை நேராக இருக்கும். இதில் கட்டில் தலைமாட்டைப் போல வளைத்து இழைத்திருந்தார்கள். அதன் நடுவில் ஒரு வட்டத் துளை. அந்தத் துளை வழியாகப் புகை போய்க்கொண்டிருந்தது.

பிறகு தாத்தாவும் நானும் பொலிஸில் முறைப்பாடு செய்யப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் எழுத ஆரம்பித்தார். லொறி நம்பர் என்ன என்று கேட்டார். பார்க்கவில்லை. "என்ன லொறி?" என்று கேட்டார். தாத்தா என்னைப் பார்த்தார். "பெரிய லொறி" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். பிறகு தாத்தாவும் அப்பாயியும் அத்தையும் இந்தியாவுக்குப் போனார்கள். நான் இங்கேயே தங்கி வாத்தியார் வேலைக்குப் போனேன். "என்ன லொறி?" என்ற அந்தக் கேள்விக்கு என்றைக்காவது பதில் சொல்ல வேண்டும் என்றுதான் லொறிகளின் பெயர்களைப் படிக்கத் தொடங்கினேன். கட்டில் தலைமாடு மாதிரிப் பலகை வைத்த லொறியை யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று அந்தக் குழுவில் எத்தனையோ தடவை கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

உன் நதீஷா முதல் படத்தைப் போட்டது அந்தக் குழுவில்தான். வெசாக் பண்டிகைக்காகத் தென்னோலையும் காகித விளக்குக் கூடுகளும் கட்டி, கெபினுக்கு மேலே ஒன்றும் தெரியாதபடி ஜோடித்த ஒரு லொறி. முன்னால் ஏழெட்டுப் பேர் வெள்ளைச் சட்டையோடு நிற்கிறார்கள். இது எங்கள் தாத்தாவின், சீயாவின் லொறி, கொட்டகைக்குள் உக்கிக் கிடக்கிறது, என்ன வண்டி என்று தெரிந்தால் மறுபடி ஓட்டிப் பார்க்க ஆசை என்று எழுதியிருந்தாள். பட்டாளத்து லொறி என்று பலர் சொன்னார்கள். ரேடியேட்டரின் நெற்றியில், ஓலைக்குக் கீழே, அரைச் சூரியனின் கதிர்கள் மாதிரி நாலு கோடு தெரிந்தது. உதயசூரியன் பதித்த ரேடியேட்டர் ஒரே ஒரு வண்டிக்குத்தான் உண்டு. அல்பியன் என்று எழுதினேன். அடுத்த ஞாயிறே அவளும் அவளுடைய தம்பியும் கந்தப்பளையில் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். துணியில் சுற்றிய துருப்பிடித்த சின்னம் ஒன்று அவள் கையில் இருந்தது. துடைத்துப் பார்த்தால் சூரியன்.

உடப்புசல்லாவைக்கு அந்தப் பக்கத்து லொறி, நாற்பது வருடமாக ஓடாத லொறி. அப்பாவுக்குச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்பாய். வந்தது. முதல் நாளே வந்தது. அவர்கள் வீட்டுக் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். பின்பெட்டி முழுவதும் கறையான் தின்று போயிருந்தது. கெபினும் சட்டமும் எஞ்சினும் மட்டும்தான் மிச்சம். நான் அன்றைக்குப் பார்த்த பாகம் எதுவுமே அங்கே இல்லை. அந்தப் பக்கத்தில் அந்தக் காலத்தில் எத்தனையோ லொறிகள் ஓடின, இது வேறாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்துப் போயிருந்தது. கை முழுக்க கிரீசோடு, முழங்காலில் உட்கார்ந்து, "மாஸ்டர், இந்த நட்டு எந்தப் பக்கம் கழலும்?" என்று கேட்கிற பெண்ணை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஒவ்வொரு வார இறுதியிலும் போக ஆரம்பித்தேன். நீ விடுமுறையில் வந்தபோது ஜாக்கி பிடிக்க ஆள் இல்லை என்று உன்னையும் கூட்டிப் போனது நான்தான். நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை உங்களுக்கு முன்னாலேயே நான் கவனித்துவிட்டேன். சந்தோஷப்பட்டேன். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகுதான் இரண்டாவது படம் கிடைத்தது. அவளுடைய சித்தப்பா வீட்டு ஆல்பத்தில் இருந்ததாம். உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் ஏறும் லொறியை மேட்டிலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள். அவள் ஓடி வந்து என் கையில் வைத்தாள். "மாமா, இனிப் பலகை வேலையும் செய்யலாம். பாருங்க, எவ்வளவு வடிவான தலைப்பலகை!" என்று சிங்களத்தில் சொன்னாள். பார்த்தேன். பின்புறம், மேல்புறம். கட்டில் தலைமாடு. நடுவில் வட்டத் துளை. எத்தனையோ ஆயிரம் படங்களில் தேடியதை அவள் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று குசினிக்குள் போனேன். உன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை நிறுத்திவிட்டாள். அவளுக்கு மட்டும்தான் பழைய கதை தெரியும். அவள் காதருகில் குனிந்து, "அது இதுதான்" என்றேன்.

அதற்குப் பிறகு பல நாள் நானும் உன் அம்மாவும் இதையே பேசினோம். ஒரு நாள் அவள் சொன்னாள், "ஏங்க, சொல்றதுன்னா இப்பவே சொல்லிருங்க. இல்லாட்டி சாகுற வரைக்கும் சொல்லாதீங்க. ரெண்டுக்கும் நடுவுல மட்டும் நிக்காதீங்க." நான் நடுவில்தான் நின்றேன். உனக்கு அறிவுரை என்று ஒன்று சொல்ல வேண்டுமானால் உன் அம்மாவின் அந்த வார்த்தைதான். நான் கேட்காமல் போனதை நீயாவது கேள்.

சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன்னால் அன்றைக்கு யார் ஓட்டியது என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். லொறியைப் பறித்துக்கொண்டு போயிருக்கலாம். களவு போயிருக்கலாம். அப்படி ஒரு பதில் வர வேண்டும் என்று மாதாவிடம் மன்றாடிக்கொண்டுதான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். எல்லோரும் தோட்டத்தில் லீக்ஸ் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய சீயா மட்டும் முற்றத்தில் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண் மங்கலானாலும் நினைவு தெளிவாக இருக்கும் மனிதர். படத்தைக் கொடுத்தேன். அருகில் வைத்துப் பார்த்தும் தெரியவில்லை. என்ன படம் என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார்.

"அந்தத் தச்சன் கட்டில் செய்றவன். வேற ஒண்ணும் தெரியாது. லொறிக்கும் கட்டில்தான் செஞ்சான்" என்றார்.

நாங்கள் பேசியது சிங்களத்தில். நம் பேச்சில் எழுதுகிறேன்.

"எண்பத்துமூணு ஆடியில இந்த லொறி எங்க போச்சு?" என்று கேட்டேன்.

அவர் சிரிப்பு நின்றது. என் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினார். "இஸ்கோலே மாத்தயா அப்ப எங்க இருந்தீங்க?" என்று வாத்தியாருக்கான மரியாதையோடு கேட்டார்.

"பசாருக்கு மேல, தேயிலைக்குள்ள. எங்க அண்ணன் கடைக்குள்ள இருந்தான்."

கீழே தோட்டத்தில் யாரோ சிரித்துப் பேசுவது கேட்டது. அவர் படத்தை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"யாரு ஓட்டினது?" என்றேன்.

"நான்தான்."

பிறகு நான் கேட்காமலே சொன்னார். "வந்து சாவிய கேட்டாங்க. குடுத்துட்டு வீட்டுல இருந்திருக்கலாம். வேற ஆள் கையில குடுத்தா கியர ஒடச்சிருவாங்கன்னு நானே எடுத்துட்டுப் போனேன்."

மகனே, அந்த லொறியின் கியர் எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதைப் பிரித்துப் பூட்டியபோது கூட நின்றவன் நான். பழக்கமில்லாத கை பட்டால் பல் உடைந்துவிடும் என்று நதீஷாவுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அவர் அப்படிச் சொன்னதும், ஆமாம் என்று என் தலை தானாக ஆடியது.

"நான் கீழ எறங்கல. எஞ்சின நிப்பாட்டவும் இல்ல. நிப்பாட்டினா திரும்ப ஸ்டார்ட் எடுக்க கஷ்டம்" என்றார்.

"உள்ளுக்கு ஆள் இருந்தது தெரியுமா?"

"சத்தம் கேட்டுச்சு."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. நதீஷாவின் அம்மா சேற்றுக் காலோடு ஓடி வந்து, சம்பந்தி வந்திருக்கிறார் என்று அவசரமாகப் பிளேன்டீ போட்டுத் தந்தாள். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு அதைக் குடித்தேன். கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டாள். சொன்னேன். பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அப்போதாவது உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நீ டோஹாவிலிருந்து இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினாய். எனக்கு ஒரு கோட்டு வாங்கி வந்திருந்தாய். நதீஷா அந்த ஆடியில் பிறந்திருக்கவே இல்லை. அவளுடைய அப்பா அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. இவர்கள் தலையில் இதை ஏன் இறக்க வேண்டும் என்று நினைத்தேன். அதோடு இன்னொன்றும் நடந்தது. தச்சருக்கு அளவு வேண்டும் என்று அவள் கேட்டாள். படத்தில் டயரின் உயரம் தெரியும். டயரின் உண்மையான அளவு எனக்குத் தெரியும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் பலகையின் உயரம், வளைவு, துளையின் விட்டம் எல்லாம் வந்துவிடும். முடியாது என்றால் ஏன் என்று கேட்பாள். மேசையில் உட்கார்ந்து, ஸ்கேலும் பென்சிலும் எடுத்து, அந்தத் தலைப்பலகையை என் கையாலேயே வரைந்து கொடுத்தேன். துளையை வரைவதற்குக் கவராயம் வேண்டியிருந்தது. உன்னுடைய பழைய பள்ளிக்கூடப் பெட்டியில் இருந்து எடுத்தேன்.

கல்யாணத்தன்று மண்டபத்துக்கு வெளியே மேட்டுப் பாதையில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே சத்தம் அதிகமாக இருந்ததால் காற்று வாங்க வந்தவன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே லொறி வந்து நின்றது. பச்சை வர்ணம், மாலைகள், புதுப் பலகை. பின்பெட்டியோடு அதை முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான். பார்த்த இடமும் மேட்டிலிருந்து, பின்னால் இருந்து. எஞ்சினை நிறுத்தாமலே வெள்ளை ஒசரிச் சேலையோடு நதீஷா ஓட்டுநர் கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்த்தாள். படம் எடுக்க வரச்சொல்லி, எனக்காகப் பழகி வைத்திருந்த தமிழில், "அப்பா, முன்னுக்கு ஏறுங்க! நீங்க இல்லாட்டி இந்த வண்டியே இல்ல!" என்று கூப்பிட்டாள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நீயும் கையை ஆட்டினாய். அவளுடைய சீயாவைப் பின்பெட்டியில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அந்தத் துளைக்கு நேர் முன்னால் அவர் தலை. நான் திரும்பி நடந்தேன். பஸ் நிற்கும் இடம் வரை நடந்து, வந்த பஸ்ஸில் ஏறிக் கந்தப்பளைக்கு வந்து, கோட்டைக் கழற்றாமல் படுத்துவிட்டேன். அது கோபமில்லை. என் கால்களால் அந்தப் பக்கம் போக முடியவில்லை.

அந்தக் கிழவரிடம் நீ இனி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. புது மாப்பிள்ளையாக அவர் காலைத் தொட்டு வணங்கிவிட்டாய். அது எனக்குத் தெரியும். அடுத்த முறை போகும்போது வணங்குவாயா இல்லையா என்பதை நீயே முடிவு செய். நான் அவரை மன்னிக்கவில்லை. வெறுக்கவும் சரியாக வரவில்லை. அவர் எங்கோ ஒரு ராட்சசனாக இருந்தவரை எனக்கு எல்லாம் எளிதாக இருந்தது. தன் வண்டியின் கியரைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரு மனிதனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். நதீஷாவிடம் அவளுடைய சீயாவுக்காகக் கணக்குக் கேட்காதே. ஏதோ ஒரு சண்டையில், ஏதோ ஒரு கோபத்தில், உங்க ஆட்கள் என்று உன் வாயில் வந்துவிடக் கூடாது. வந்துவிட்டால் அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாது. லொறியை அவள் மறுபடி கொட்டகைக்குள் விட்டுப் பூட்டிவிட்டாளாம். அதை வைத்திருப்பதோ விற்பதோ உங்கள் இருவர் பொறுப்பு. என்னிடம் கேட்காதீர்கள்.

நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் எடுத்த அழைப்புகளுக்கு நான் பதில் சொல்லவில்லை. நேற்று மத்தியானம் தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினாள். உன் அம்மாவைக் கட்டிப் பிடித்துவிட்டு, நேராக என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் சிங்களத்திங்கிறதுனாலயா அன்னைக்குப் போனீங்க? நேரா சொல்லுங்க. நான் அழ மாட்டேன்" என்று சிங்களத்தில் கேட்டாள்.

"இல்லம்மா."

"அப்ப லொறியா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் சொன்னாள், "மொதல் தடவை எஞ்சின் ஸ்டார்ட் ஆன அன்னைக்கு சீயா எழும்பித் தோட்டத்துக்குப் போயிட்டாரு. பொழுது சாயுற வரைக்கும் வீட்டுக்கு வரல. சந்தோசத்துல அழுறாருன்னு நாங்க நெனச்சோம். கல்யாணத்தன்னைக்கு நீங்க மேட்டுல நின்னப்ப ஒங்க மொகத்தப் பாத்தேன். சீயாவோட மொகமும் எஞ்சின் ஸ்டார்ட் ஆன அன்னைக்கு அப்படித்தான் இருந்திச்சு."

சொன்னேன். உனக்கு எழுதியதைப்போல முழுவதையும் சொன்னேன். உன் அம்மா கதவுப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நதீஷா அழவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத சீயாவே ஒங்ககிட்ட சொன்னாரா?"

"சொன்னாரு."

"அவருக்கு நீங்களே எழுதுங்க" என்றாள். உன்னைத்தான் சொன்னாள். "என் வாயால சொன்னா நான் சீயாவுக்காகப் பேசுற மாதிரி இருக்கும். என்னால ஏலாது." கொஞ்சம் கழித்து, "ஒங்க அண்ணன் பேரு என்னா?" என்று கேட்டாள்.

"சூசைராஜ்."

அவள் அதை மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "போட்டோ இருக்கா?"

இல்லை. ஸ்டூடியோவில் எடுத்த ஒரே படம் கடைச் சுவரில், மெசினுக்கு மேலே மாட்டியிருந்தது.

"அப்ப எப்படி இருப்பாருன்னு சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சுக்கணும்."

உயரமாக இருப்பான் என்றேன். அதற்கு அடுத்து என்ன சொல்வது என்று யோசித்தேன். மூக்கு எப்படி இருக்கும், மீசை இருந்ததா, சிரித்தால் எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். மகனே, அந்த லொறியில் எந்தப் பலகை வெடித்திருந்தது என்று எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் கயிறு தொங்கியது என்று தெரியும். மட்கார்டில் துரு எங்கே இருந்தது என்று தெரியும். பதினெட்டு வருடம் ஒரே பாயில் என் பக்கத்தில் படுத்தவனின் முகம் எனக்கு வரவில்லை. கண்ணை மூடினேன். புகையும் பலகையும்தான் வந்தன. உன் அம்மா உள்ளே போய்விட்டாள்.

"பரவாயில்லப்பா, மெதுவா யோசிச்சு சொல்லுங்க. நான் இருக்கேன்" என்றாள் உன் மனைவி.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்வரை அவள் எழுந்திருக்காமல் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவன் முகம் வரவேயில்லை.

அப்பா